அடைப்பைத் தொடாத மாத்திரை

மாடிப்படி ஏறும்போது நெஞ்சின் நடுவே பாறாங்கல்லை வைத்ததுபோல் ஓர் அழுத்தம். தோளுக்கும் தாடைக்கும் பரவுகிறது. உட்கார்ந்தால் சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. இதயத் தசைக்கு வந்து சேரும் ரத்தம் அதன் தேவைக்குப் பற்றாமல் போகும்போது எழும் இந்த வலிக்கு ஆஞ்சைனா என்று பெயர். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768இல் இதை விவரித்தபோதே, நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது என்று சொல்லிவிட்டார். இன்று பலரின் சட்டைப்பையில் இருக்கும் சார்பிட்ரேட் என்ன செய்யும் என்று கேட்டால், 'அடைப்பைத் திறந்துவிடும்' என்ற பதில்தான் சட்டென்று வரும். பல ஆண்டுகளாகக் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து இறுகிப்போன குழாயை, நாக்குக்கு அடியில் கரைகிற 5 மில்லிகிராம் மாத்திரை என்ன செய்துவிட முடியும்? அது அடைப்பைத் தொடுவதே இல்லை. அதன் வேலை வேறு. அது என்ன வேலை என்று தெரிந்துகொண்டால், மருத்துவர் சொல்லும் எச்சரிக்கைகளை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. ஒவ்வொன்றும் ஏன் என்று தானாக விளங்கிவிடும்.

கை, கால் தசைகள் ஓய்வில் இருக்கும்போது தம்மிடம் வரும் ஆக்சிஜனில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கின்றன. வேலை கூடினால் மிச்சத்திலிருந்து எடுத்துச் சமாளிக்கும். இதயமோ சும்மா இருக்கும்போதே முக்கால் பங்கு வரை உறிஞ்சிவிடுகிறது. வேலை கூடினால் கூடுதல் ரத்தம் வந்தே ஆகவேண்டும், குழாய் குறுகியிருந்தால் வராது. வரவைக் கூட்ட வழியில்லாத வீட்டில் செலவைத்தான் சுருக்குவார்கள். சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகள் செய்வதும் அதைத்தான். அவை உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக மாறி, ரத்தக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகின்றன. முக்கியமாகத் தளர்பவை சிரைகள். அவை அகன்று ரத்தத்தைத் தம்மிடமே தேக்கிக்கொள்ள, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, இதய அறை குறைவாக உப்புகிறது, பளு இறங்குகிறது, வலி நிற்கிறது. இதயக் குழாய்களும் ஓரளவு விரியத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். விரிகின்றன. குழாய் திடீரென்று இறுகிக்கொள்வதால் வலி வரும் சிலருக்கு அந்த விரிவுதான் நிவாரணமே. ஆனால் உழைப்பின்போது வரும் வழக்கமான ஆஞ்சைனாவில் பெரும்பங்கு பளுக் குறைப்புக்கே சேரும். (இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நைட்ரேட் வகையைச் சேர்ந்த நைட்ரோகிளிசரினை வைத்து டைனமைட் செய்து செல்வம் சேர்த்த ஆல்ஃபிரட் நோபலுக்கு, கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் எழுதிக்கொடுத்ததும் அதே நைட்ரோகிளிசரின்தான்.)

மாத்திரையை உட்கார்ந்துகொண்டு வைக்கவேண்டும் என்பது ஏன்? சிரைகள் அகலும்போது நின்றுகொண்டிருந்தால் ரத்தம் காலுக்கு இறங்கி, தலை சுற்றி விழ நேரும். நாக்குக்கு அடியில் ஏன்? விழுங்கினால் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போய் மருந்தின் பெரும்பகுதி அங்கேயே அழியும். பலன் தெரியவும் நேரமாகும். நாக்கின் கீழுள்ள மெல்லிய சவ்வு வழியே அது நேராக ரத்தத்தில் கலக்கிறது. தலைவலி வருவது மருந்து ஒத்துக்கொள்ளாததால் அல்ல. தலையின் ரத்தக்குழாய்களும் விரிவதால்தான். டைனமைட் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்குத் திங்கட்கிழமைதோறும் மண்டையைப் பிளக்கும் வலி வரும்; வாரம் போகப் போக மறையும்; ஞாயிறு விடுமுறை கழித்துத் திரும்பினால் மறுபடி வரும். நைட்ரேட்டுக்கு உடல் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது என்பதை அந்தத் தலைவலிதான் காட்டிக்கொடுத்தது. தினமும் சாப்பிடும் நைட்ரேட் மாத்திரையைக் காலை 8 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் என்று எழுதி, இரவை வேண்டுமென்றே காலியாக விடுவதும் அதனால்தான். இரவுக்கு ஒன்றும் இல்லையே என்று தாமாக ஒரு வேளையைச் சேர்த்துக்கொள்பவர், மருந்தின் பலனைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்.

'மாத்திரை வைத்ததும் வலி போனது, அப்படியானால் இதய வலிதான்' என்றும், 'போகவில்லை, வெறும் வாயுதான்' என்றும் வீட்டிலேயே தீர்ப்பு எழுதப்படுகிறது. இரண்டுமே ஆபத்து. 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நெஞ்சுவலியோடு வந்த 459 பேரில், இதய நோய் உறுதியானவர்களில் 35 விழுக்காட்டினருக்கும், இல்லாதவர்களில் 41 விழுக்காட்டினருக்கும் நைட்ரோகிளிசரினில் வலி தணிந்தது. உணவுக்குழாய்த் தசையையும் அது தளர்த்தும்; பிறகு எப்படி அதை வைத்து நோயைக் கண்டுபிடிப்பது? மாரடைப்பில் நிலைமையே வேறு. குழாயில் ரத்தக்கட்டி முளைத்து வரவு அடியோடு நின்றுவிடுகிறது. செலவைச் சுருக்கி அதைச் சமாளிக்க முடியாது. ஒரு மாத்திரை வைத்து 5 நிமிடத்தில் வலி தணியவில்லை என்றாலோ, கூடினாலோ 108ஐ அழைக்கவேண்டும் என்பதன் பொருள் இதுதான். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உடனடியாகக் கொடுக்கப்படுபவை ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின்: கட்டி வளராமல் பார்ப்பவையும் கொழுப்புப் படிவை நிதானப்படுத்துவதும். வாட்ஸ்அப் செய்திகள் பரிந்துரைக்கும் சார்பிட்ரேட் அதில் இல்லை. ரத்த அழுத்தம் ஏற்கெனவே சரிந்திருப்பவருக்கோ, வலது இதய அறை பாதிக்கப்பட்டவருக்கோ பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு நீட்டும் அந்த மாத்திரை நிலைமையை மோசமாக்கும்.

தினசரி மருந்துகளும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. இதயம் சுருங்கும்போது தன் சுவரில் ஓடும் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. விரியும் இடைவேளையில்தான் தன் பங்கு ரத்தத்தைப் பெரும்பாலும் பெறுகிறது. மெட்டோப்ரொலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் துடிப்பை நிதானமாக்கி, செலவைக் குறைப்பதோடு அந்த இடைவேளையையும் நீட்டுகின்றன. ஆனால் இம்மருந்துக்குப் பழகிய இதயம், அது திடீரென்று நின்றால் அட்ரினலினுக்கு முன்னைவிட வேகமாகத் துள்ளும். பயணத்தில் மாத்திரை தீர்ந்துபோனது என்று விட்டுவிடக் கூடாத மருந்து இது. ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். ஆம்லோடிபின் தமனிகளைத் தளர்த்தும். கணுக்கால் வீங்கினால் அதன் வேலையாக இருக்கலாம். வெரபமில் என்ற மருந்தும் துடிப்பைக் குறைக்கும் என்பதால், அதைப் பீட்டா பிளாக்கரோடு சேர்த்தால் இதயம் அளவுக்கு மீறி மந்தமாகிவிடும்.

இத்தனை மாத்திரைக்குப் பதில் ஒரு ஸ்டென்ட் வைத்து அடைப்பையே திறந்துவிட்டால் என்ன? இது சாதாரணமாக ஒதுக்கக்கூடிய கேள்வி அல்ல. மாரடைப்பு வந்துவிட்டால் ஸ்டென்ட் உயிர் காக்கும், அதில் சந்தேகமில்லை. நிலையான ஆஞ்சைனாவில்தான் வழக்கு. 2007இல் வெளியான கரேஜ் ஆய்வும், 5,179 பேரை வைத்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும், நல்ல மருந்துச் சிகிச்சையோடு முதலிலேயே அடைப்பைச் சரிசெய்வதையும் சேர்த்ததால் மரணம் குறைந்ததாகக் காட்டவில்லை. இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அதே சமயம், ஆஞ்சைனா மருந்துகளை நிறுத்திவிட்டுப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட 2023ஆம் ஆண்டின் ஆர்பிட்டா-2 ஆய்வில், ஸ்டென்ட் வலியைத் தெளிவாகக் குறைத்தது. ஆகவே மருந்தோடும் வலி விடாதவர் ஸ்டென்ட் கேட்பது நியாயம். ஆயுளைக் கூட்டும் என்று நம்பி அவசரப்படுவதுதான் சரியில்லை. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: வலியைக் குறைக்கும் மாத்திரைகளும் ஆயுளைக் கூட்டுவதாக நிரூபணமில்லை. அந்த வேலை ஆஸ்பிரினுக்கும் ஸ்டாட்டினுக்கும் உரியது. சாப்பிட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாத அவற்றைத்தான் மக்கள் முதலில் நிறுத்துகிறார்கள்.

மிச்சம் இருப்பது வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஒரு விஷயம். வயாக்ரா என்று அறியப்படும் சில்டெனாஃபில், முதலில் ஆஞ்சைனாவுக்கென்று பரிசோதிக்கப்பட்ட மருந்து. நைட்ரேட் திறந்துவிட்ட குழாயை அது மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். சில்டெனாஃபில் சாப்பிட்ட 24 மணி நேரத்துக்கும், அதே வகை மருந்தான டடாலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கூடாது. மனைவியும் மகனும் கட்டிலருகே நிற்கையில் ஒரு மனிதர் இதை எப்படிச் சொல்வார்? அவசரப் பிரிவில், உடன் வந்தவர்களை ஒரு நிமிடம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும்.