செண்பக மரத்தை அடையாளம் காண



பூக்கடையில் மாலைக்குக் கட்டும் வெள்ளைச் சம்பங்கி, மெக்சிகோவிலிருந்து வந்த கிழங்குச் செடி. பெயர் ஒத்து ஒலித்தாலும், நம் மண்ணின் செண்பகமோ மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது மீட்டருக்கும் மேல் ஓங்கி வளரும் மரம். உலகெங்கும் மக்னோலியா என்று கொண்டாடப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது.

மரத்தை எப்படி அடையாளம் காண்பது? இளங்கிளையைப் பாருங்கள். ஒவ்வோர் இலைக் காம்பின் அடியிலும் மோதிரம் போட்டதுபோல் ஒரு வளையத் தழும்பு இருக்கும். இலைகள் ஈட்டி வடிவில் கூர்மையாக நீண்டிருக்கும். இலைக்கக்கத்தில் தனித்தனியே மலரும் பூவில், பொன் மஞ்சளோ ஆரஞ்சோ, பத்துக்கும் மேற்பட்ட ஒல்லியான இதழ்கள். வாசனையோ தெரு முனை வரை வரும்! காய்கள் கொத்தாகத் தொங்கும். வெடித்தால் உள்ளே செந்நிற விதைகள். பறவைகளுக்கு அவை விருந்து.

பூவிலிருந்து அத்தரும் வாசனை எண்ணெயும் எடுக்கிறார்கள். மஞ்சள் சாயமும் கிடைக்கும். மரம் மேசை, நாற்காலிக்கும் சிற்ப வேலைக்கும் உதவும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் செண்பகமும் ஒன்று. குற்றாலத்தின் செண்பகாதேவி அருவியும் இந்த மரத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

வீட்டில் வளர்க்க ஆசையா? விதையைச் சேர்த்து வைக்காதீர்கள். முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். மேலே ஒட்டியிருக்கும் சதையைக் கழுவிவிட்டு உடனே விதையுங்கள்.