குறட்டையைக் குறித்து வைக்கும் கருவி

“நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினார்” என்கிறோம். குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளமா?

இல்லை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மூச்சு போகும் வழி சுருங்குகிறது. அந்த வழியில் காற்று போகும்போது சதை அதிர்கிறது. அந்தச் சத்தமே குறட்டை.

சிலருக்கு வழி முழுவதும் அடைத்துக்கொள்ளும். மூச்சு 10 விநாடியோ, அதற்கு மேலோ நின்றுவிடும். பிறகு திணறி விழிப்பார்கள். ஓர் இரவில் பல முறை இப்படி நடக்கும். இது ஒரு நோய். இதனால் இரத்தக் கொதிப்பு கூடலாம். பகலில் தூக்கம் சொக்கும். லாரி ஓட்டுபவர் கண் அயர்ந்தால் என்ன ஆகும்?

இதற்கு ‘சிபாப்’ என்ற கருவி உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் இதை உலகுக்கு அறிவித்தார். இது குழாய் வழியாக முகமூடிக்குள் காற்றை அழுத்தி அனுப்பும். அந்தக் காற்று தொண்டையை மூடவிடாது.

இன்றைய கருவிகள் பலவும் இரவில் நடப்பதைக் குறித்து வைக்கின்றன. பெரும்பாலும் அவை குறட்டையைக் காதால் கேட்பதில்லை. குழாயில் காற்று அதிர்வதைப் பார்த்துக் கண்டுபிடிக்கின்றன. ஆகவே தவறும் வரலாம்.

குழாயில் நீர் தேங்கினால் காற்று அதிரும். கருவி அதையும் குறட்டை என்று எழுதலாம். வாய் வழியே காற்று கசிந்தால், உண்மைக் குறட்டையும் கணக்கில் விட்டுப்போகலாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

1. மூச்சு நின்றதும் குறைந்ததும் மணிக்கு எத்தனை முறை? பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் நல்லது.

2. காற்றுக் கசிவு எவ்வளவு? அதிகம் என்றால் முகமூடி சரியாகப் பொருந்தவில்லை; அல்லது வாய் திறந்திருக்கிறது.

3. குறட்டை எவ்வளவு? கருவி போட்டும் பல நாள் குறட்டை தொடர்ந்தால், காற்றின் அழுத்தம் போதாமல் இருக்கலாம்.

ஒரு நாள் மட்டும் கூடினால் பயம் வேண்டாம். சளி பிடித்தாலும், மல்லாந்து படுத்தாலும், மது குடித்தாலும் குறட்டை கூடும். பல நாள் கணக்கைப் பாருங்கள். பக்கத்தில் படுப்பவர் என்ன கேட்டார் என்றும் விசாரியுங்கள்.

அழுத்தத்தை நீங்களாகவே மாற்றாதீர்கள். கருவியை நிறுத்தவும் செய்யாதீர்கள். கணக்கை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கருவி இல்லாத வீட்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். குறட்டை திடீரென நிற்கிறதா? பிறகு திணறல் கேட்கிறதா? சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.