சாதா ஒரு பென்னி, கலர் இரண்டு பென்னி!

லண்டன் போய்விட்டு வந்தவன் பிக் பென் பற்றியும் பக்கிங்ஹாம் அரண்மனை பற்றியும் எழுதாவிட்டால், 'நிஜமாகவே போனானா?' என்று சந்தேகப்படுவார்கள். படட்டும். நான் எழுதப்போவது காகிதம், கத்தரிக்கோல், மைதா பசை பற்றி.

2024 டிசம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஈஸ்ட் ஹாமில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அப்பா போன பிறகு அம்மா பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறாள். நான் சென்னையில் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். (பி.காம். படித்துவிட்டு ஏன் என்று கேட்காதீர்கள். அதைக் கேட்க வீட்டில் ஆள் இருக்கிறது.) அம்மாவுக்குப் பிடித்திருந்தால் ஆறு மாதம் அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் திரும்புவது என்று அக்காவும் நானும் போனிலேயே ரகசியமாகத் திட்டம் போட்டிருந்தோம்.

திட்டம் ஐந்தாவது நாளே ஆட்டம் கண்டது.

லண்டன் டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. "சாயங்காலமே இல்லாத ஊரு என்னல ஊரு?" என்றாள் அம்மா. குளியலறையில் வெந்நீருக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒரு குழாய். ஒன்றில் கை வெந்துபோகும், இன்னொன்றில் விறைத்துப்போகும். இரண்டையும் கலப்பது உங்கள் சாமர்த்தியம். சமையலறையில் கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறுகிறது. அத்தான் துண்டை எடுத்துக்கொண்டு அதற்கு விசிறிக்கொண்டே நிற்க வேண்டும். ரசத்துக்குச் சாமரம் வீசும் ஒரே வீடு அதுதான்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி தினமும் அம்மாவைப் பார்த்து, "ஆர் யூ ஆல்ரைட்?" என்பாள். அங்கே அது வெறும் வணக்கம். பதில் எதிர்பார்க்காமல் போய்க்கொண்டே இருப்பார்கள். அம்மாவோ நின்று, முழங்காலைத் தொட்டுக் காட்டி, வலியின் சரித்திரத்தைத் தமிழிலேயே சொல்லத் தொடங்குவாள். பாட்டி பாவம், மரியாதைக்காக நின்று கேட்பாள்.

இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். பேரன்தான் பிரச்னை. பத்து வயது. தமிழ் புரியும், பேச வராது. ஆச்சி ஏதாவது கேட்டால், "ஓகே" என்பான். "சாப்பிட்டியாய்யா?" ஓகே. "பள்ளிக்கூடம் எப்படி?" ஓகே. அப்புறம் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

அன்றிரவு அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "டிக்கெட்டை முன்னாடி மாத்த முடியுமால?"

* * *

மறுநாள் மனசு சரியில்லாமல் தனியாகக் காவென்ட் கார்டன் பக்கம் சுற்றப் போனேன். எஸ்கலேட்டரில் இடது பக்கம் நின்று நாலு பேரிடம் "எக்ஸ்கியூஸ் மீ" வாங்கினேன். (நிற்பவர் வலது, நடப்பவர் இடது. எழுதாத சட்டம் என்று நினைக்காதீர்கள், எழுதியும் வைத்திருக்கிறார்கள்.) அங்கே பழைய மார்க்கெட் கட்டடத்தின் மாடியில் ஒரு குட்டிக் கடை: பெஞ்சமின் பொல்லாக்ஸ் டாய்ஷாப். உள்ளே ஒரு முழு நாடக மேடை. திரை, தூண், காடு, மலை, கதாநாயகன், வில்லன் எல்லாம் காகிதம்! உயரம் ஒரு முழம்கூட இருக்காது.

டிவி, சினிமா இல்லாத காலத்தில் லண்டன் பையன்களுக்கு இதுதான் பொழுதுபோக்கு. 1811 வாக்கில் தொடங்கியது. ஊரில் ஓடுகிற நாடகத்தின் நடிகர்கள், காட்சிகளையெல்லாம் தாளில் அச்சடித்து விற்பார்கள். வாங்கி, வர்ணம் தீட்டி, அட்டையில் ஒட்டி, வெட்டி, கம்பியில் செருகி, பக்கவாட்டிலிருந்து மேடைக்குள் தள்ள வேண்டும். வசனப் புத்தகமும் உண்டு. வசனத்தைப் பையனே பேச வேண்டும்.

விலைதான் விசேஷம். கறுப்பு வெள்ளைத் தாள் ஒரு பென்னி, வர்ணம் தீட்டியது இரண்டு பென்னி. நம்ம ஊரில் சாதா, ஸ்பெஷல் மாதிரி. அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்னி (1971 பிப்ரவரி 15 முதல்தான் 100). வர்ணம் கையால் தீட்டுவது. கூலி, லாபம் எல்லாம் அந்த இரண்டாவது பென்னிக்குள் அடங்க வேண்டும். என் காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதிய ஸ்டீவன்சன் சின்ன வயசில் இந்தத் தாள்களுக்குப் பைத்தியம். 1884-ல் ஒரு கட்டுரையே எழுதினார். தலைப்பே இந்த விலைதான். வாங்கும்வரை இருந்த சுகம் வர்ணம் தீட்டி முடித்ததும் போய்விட்டது என்று அதில் ஒப்புக்கொள்கிறார். கல்யாணமான நண்பர்கள் இதை எந்த விஷயத்தோடும் ஒப்பிட வேண்டாம்.

பொல்லாக் என்பவர் ஹாக்ஸ்டன் தெருவில் சுமார் 60 வருஷம் இந்தக் கடையை நடத்தி 1937-ல் காலமானார். கடை பிறகு கைமாறி நொடித்துப்போனது. 1950-களில் மார்கரீட் ஃபாட்ரி என்ற பெண்மணி, தன் மகனின் காகித மேடைக்குச் சில கம்பிகள் கேட்டுப் போனார். தேடி எடுத்துத் தர ஆளில்லை, வேண்டுமானால் மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வாங்கிவிட்டார்! அதை வைத்து ஒரு பொம்மை அருங்காட்சியகமும் நடத்தினார். பல வருஷம் அது இருந்த ஸ்காலா தெருக் கட்டடம் 2023 ஜனவரியில் மூடப்பட்டது.

நானும் ஒரு மேடையின் விலைச் சீட்டைப் பார்த்தேன். நூறால் பெருக்கினேன். கம்பிகூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

* * *

ஆனால் யோசனை விடவில்லை. காப்புரிமை முடிந்த பழைய தாள்கள் பலவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அக்கா வீட்டில் பிரிண்டர் இருக்கிறது. இரண்டு பென்னி என்ன, ஒரு பென்னியும் வேண்டாம்!

நாடகம், 'தி மில்லர் அண்ட் ஹிஸ் மென்'. 1813-ல் அதே காவென்ட் கார்டன் தியேட்டரில் அரங்கேறியது. பகலில் மாவு மில் முதலாளி, இரவில் கொள்ளைக் கூட்டத் தலைவன். கடைசியில் மில் வெடித்துச் சிதறும். கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம் பார்த்தவர்களுக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை.

முதல் தவறு: 'தாளுக்குப் பொருத்தமாக' என்று கம்ப்யூட்டர் கேட்டது, சரி என்றேன். ஒவ்வொரு தாளையும் ஒவ்வொரு அளவில் சுருக்கிவிட்டது. வில்லன் கதாநாயகனின் முழங்கால் உயரம் வந்தான். ஆகவே வாசகர்களே, எல்லாத் தாளும் நூறு சதவீதம் என்றே அச்சடியுங்கள்.

இரண்டாம் தவறு: பழைய காகிதம் மாதிரி பழுப்பேற்ற, அச்சடித்த தாளை டீயில் முக்கினேன். பிரிண்டர் மை தண்ணீரில் கரைகிற ஜாதி. கதாநாயகியின் முகம் தாடை வழியாக ஒழுகிவிட்டது.

பின்னால் சிரிப்புச் சத்தம். அம்மா! லண்டன் வந்து முதல் சிரிப்பு.

"வெறுந்தாளை முதல்ல முக்கி, காயவச்சு, இஸ்திரி போட்டு, அப்புறம்லா அச்சடிக்கணும்" என்றாள். என் கையிலிருந்த பசைக் குச்சியைப் பார்த்து முகம் சுளித்து, மைதா மாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கட்டி தட்டாமல் பசை காய்ச்சினாள். "மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டா பூச்சி அரிக்காது. இந்த ஊர்ல எங்க கிடைக்கப்போவுது?"

"இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க அப்பா பள்ளிக்கூடத்து லைப்ரரிக்கு பைண்டிங் போட்டவருலா. பசை காய்ச்சினது பூரா நான்தான்."

முப்பத்தைந்து வருஷமாக அவள் பிள்ளை நான். இது எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

கார்ன்ஃபிளேக்ஸ் அட்டையில் பசையை மெல்லிசாகத் தடவி, தாளை ஒட்டி, மேலே புத்தகங்களை அடுக்கி ராத்திரி பூரா விட்டாள். காலையில் ஒரு சுருக்கம் இல்லை. மடிக்கிற இடத்தில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கோடு இழுத்தால் அட்டை நேராக மடியும். வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்ப வேண்டும். நான் வில்லனின் வாளை வெட்டும்போது கையையும் சேர்த்து வெட்டிவிட்டேன். "கொடுங்க மாமா" என்ற பாவனையில் ஒரு சின்னக் கை நீண்டது. பேரன்! ரூம் கதவு திறந்தே கிடந்தது.

அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. பிரிண்டரில் தாள் வைப்பதோடு சரி. ஆச்சி ஒட்ட, பேரன் வெட்ட, வர்ணத்துக்கு இரண்டு பேருக்கும் சண்டை. அவன் இங்கிலீஷில் சண்டை போட, அவள் நெல்லைத் தமிழில் பதில் சொன்னாள். இருவருக்கும் புரிந்தது.

டிசம்பர் 25. அன்றைக்கு லண்டனில் டியூப் ரயிலும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. நம்ம ஊரில் பந்த் அன்றுகூட ஒரு ஆட்டோ கிடைக்கும். வீட்டில் எல்லாரும் கைதி. அதனால் ஹவுஸ்ஃபுல்! ஆன்லைனில் வந்த பார்சல் டப்பாதான் மேடை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் நாற்காலி போட்டாயிற்று.

கதாநாயகன் இங்கிலீஷ், வில்லன் தமிழ். அம்மா வில்லன் குரலில், "ஏய், எவன்ல அது என் மில்லுக்குள்ள?" என்றதும் அத்தானே ஒரு நிமிஷம் எழுந்து நின்றுவிட்டார். அந்தக் காலத்துப் பையன்கள் இந்த இடத்தில் நிஜமாகவே சிவப்பு மத்தாப்புப் பொடியைக் கொளுத்துவார்களாம். கடுகுக்கே அலறும் வீட்டில் அது முடியுமா? செல்போன் டார்ச்சின் மேல் சாக்லேட் சுற்றி வந்த சிவப்புக் கண்ணாடித் தாளைப் பிடித்தேன். அக்கா எவர்சில்வர் தாம்பாளத்தைத் தட்டத் தயாரானாள்.

வில்லனை அம்மா நகர்த்த மறந்து, சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்போது மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு கத்தல்:

"ஆச்சி, ஓடு! மில் வெடிக்கப் போகுது!"

அக்கா தாம்பாளத்தைத் தட்டவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. மில் சத்தமில்லாமல்தான் வெடித்தது.

ஜனவரியில் நான் மட்டும் திரும்பினேன். டிக்கெட்டை மாற்றுவது பற்றி அம்மா மறுபடி பேசவே இல்லை. விமான நிலையத்தில் என்னிடம் சொன்னது ஒன்றுதான்:

"அடுத்தது கட்டபொம்மன் போடணுமாம், சொல்லுதான். அதுக்கு அச்சடிச்ச தாள் கிடையாதாம்லா, நீயே வரைஞ்சு அனுப்பு. சாதாவாவே அனுப்புல. கலரை நாங்க பாத்துக்கிடுதோம்."