உங்களுக்குத் தெரியுமா? கோட்டை போன்ற வீட்டில் குடிபுகுந்த சங்கீதம்

சென்னை அடையாற்றங்கரையில் கோட்டைக் கொத்தளம் போன்ற கோபுரங்களோடு நிற்கும் 'தென்றல்' மாளிகை, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் பிராடி 1796–98இல் கட்டிய தோட்ட வீடு. அன்று அதன் பெயர் பிராடி காசில். ஆசையாய்க் கட்டியவர் பாவம், அதே ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்தார். சென்னை உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி தாமஸ் ஸ்டிரேஞ்சும் இங்கே குடியிருந்தார்.

முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல் முதல்வராகக் கொண்டு 1949இல் தொடங்கிய அரசு கர்நாடக இசைக் கல்லூரி பின்னர் இங்கே குடியேறியது. வெள்ளைக்கார வீட்டுக்கு இதைவிட நல்ல கதி வாய்த்திருக்காது! இன்று இது இசை, கவின்கலைப் பல்கலைக்கழக வளாகம்.

மார்கழிக் கச்சேரி கேட்க மலேசியாவின் பெக்கான் நானாஸிலிருந்து சென்னை செல்பவர்கள் இந்த மாளிகை இருக்கும் கிரீன்வேஸ் சாலைப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள்.