படகு ஏறாத ஆற்றில் மூன்று நாள்

சங்கரன்கோவில்காரர்களுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் சங்கரநாராயணர் இருக்கிறார். கோமதி அம்மன் இருக்கிறாள். ஆடித்தபசுக்குக் கூடும் பெருங்கூட்டம் இருக்கிறது. நாகசுனை கூட இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று. அதுதான் ஊரைத் தொட்டு ஓடும் ஒரு பெரிய ஆறு! வானம் பார்த்த குளங்களை நம்பி வாழும் ஊரிலே பிறந்தவர்களுக்கு, இரு கரையும் தளும்ப ஓடும் நீரைக் கண்டால் ஒருவித மயக்கம் உண்டாகத்தானே செய்யும்?

அந்த மயக்கத்தில்தான், பாபநாசத்தில் படகேறிப் புன்னைக்காயலில் கடலைத் தொடுவதென்று நண்பர்கள் மூவர் தீர்மானித்தோம். பொதிகையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் கலக்கும் வரையில் தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர்தான். மலையாள நாட்டுக் காயல்களிலே நாட்கணக்காகப் படகில் போகிறார்களே, நாம் போகக் கூடாதா? மூன்று நாள் போதும் என்று கணக்குப் போட்டோம். கணக்கு சரிதான், படகுதான் கிடைக்கவில்லை.

பாபநாசத்து ஆற்றங்கரையில் வயதான விவசாயி ஒருவரிடம் எங்கள் உத்தேசத்தைச் சொன்னோம். அவர் சிரித்த சிரிப்பில் மலையே எதிரொலித்தது.

"தோணி விடதுக்கா தம்பிகளா இந்த ஆறு? ஒரு அணை தாண்டுனா அடுத்த அணை. தோணியைத் தலையில சுமந்துகிட்டுல்லா போகணும்!"

"அப்படி எத்தனை அணை இருக்கிறது, அண்ணாச்சி?" என்று கேட்டோம். அவர் விரல் விட்டு எண்ணினார்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஆக எட்டு! அவற்றுள் ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் பிரிட்டிஷார் காலத்தது; மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. எங்கள் படகு அந்த இடத்திலேயே கவிழ்ந்தது. கரையோடு பஸ்ஸிலும் நடையிலுமாகப் பிரயாணத்தைத் தொடர்ந்தோம்.

முதல் நாள் மலையடிவாரத்தில் கழிந்தது. அகஸ்தியர் அருவிக்கு அருகே கல்யாண தீர்த்தம் இருக்கிறது. சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர், 1925-ம் வருஷம் ஜூன் மாதத்தில், நீரில் அகப்பட்ட மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய், மகளோடு தாமும் மாண்டது இங்கேதான். துப்பாக்கிக்கும் சிறைக்கும் அஞ்சாத அந்த வீரரைக் கொண்டுபோன நீர், பாறைகளுக்கிடையே ஒன்றுமறியாதது போல் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வெகுநேரம் பேசவில்லை.

கீழே பாபநாசம் படித்துறையில் வேறொரு காட்சி. பாவத்தைத் தொலைக்க வந்தவர்கள், கட்டியிருந்த துணியையும் ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். வேட்டியும் சேலையுமாக நீருக்குள் கிடக்கின்றன. நம் பாவம் போயிற்றா என்பது பகவானுக்குத் தெரியும். துணி போகவில்லை என்பது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது.

இரண்டாம் நாள் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் கன்னடியன் அணைக்கட்டைக் கண்டோம். கன்னட நாட்டவர் ஒருவர் தமக்குக் கிடைத்த பொருளையெல்லாம் கொடுத்து வெட்டிய கால்வாய் என்று ஊரார் கதை சொல்கிறார்கள். அணை என்றதும் வானளாவிய சுவரை எண்ணிவிட வேண்டாம். ஆற்றின் குறுக்கே தாழ்வான ஒரு கல்வரிசை; அவ்வளவுதான். அது நீரைச் சற்றே தேக்கிப் பக்கவாட்டில் கால்வாய்க்குத் திருப்புகிறது. மிகுந்த நீர் அதன் தலைமேல் வழிந்து அடுத்த அணைக்குப் போகிறது. வயலில் கசிந்த நீரும் பெரும்பாலும் ஆற்றுக்கே திரும்பி வருகிறது. மேலே இருப்பவன் குடித்த பிறகு கீழே இருப்பவனுக்கும் மிஞ்ச வேண்டும் என்ற தர்மத்தைக் கல்லிலே கட்டி வைத்திருக்கிறார்கள்!

கடனாநதி வந்து கூடும் திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றியுள்ள மரங்களெல்லாம் பறவைகள். 2005-ல் அந்த இடம் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

மாலையில் திருநெல்வேலி. இங்கே ஒரு காலத்தில் படகு இருந்தது! நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஜனங்கள் படகிலேதான் ஆற்றைக் கடந்தார்கள். அந்தச் சிரமத்தைக் கண்டு சகியாத சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைக் கொடுக்க, 1843-ல் பாலம் எழுந்தது. அதே ஆற்றில் இன்று நகரத்துச் சாக்கடையும் வந்து கலக்கிறது. தம் பணத்தை ஆற்றின் மேல் போட்டவர் அவர்; நம் கழிவை ஆற்றினுள் போடுகிறவர்கள் நாம்.

2023-ம் வருஷம் டிசம்பர் வெள்ளத்திலே நெல்லை வீதிகளிலும் படகு ஓடியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பிரயாணிகள் நீர் சூழ அகப்பட்டுத் தவித்தார்கள். ஆறு படகு விடச் சம்மதித்த நாட்கள் அப்படிப்பட்டவை!

மூன்றாம் நாள் நாங்கள் ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் ஏறி நின்றோம். அந்த வட்டாரத்துச் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழியிலிருந்து எடுத்த நெல், சுமார் 3,200 வருஷங்களுக்கு முந்தியது என்று 2021-ல் அறிவித்தார்கள். இந்த ஆறு ஏன் படகுக்கு இடம் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. நம் முன்னோர் இதைப் பாதையாக நினைக்கவில்லை, சோறாக நினைத்தார்கள்.

யவனர்களும் அறிந்திருந்த கொற்கைத் துறைமுகம் இன்று கடலுக்குச் சில மைல் உள்ளே ஒரு சிற்றூர். அதையும் கடந்து அந்தி வேளையில் புன்னைக்காயல் சேர்ந்தோம். எட்டு அணைகளும் தீர்ந்துவிட்டன. மீனவர் ஒருவர் மனமிரங்கித் தம் படகில் முகத்துவாரம் வரை அழைத்துப் போனார். கையால் நீரை அள்ளி வாயில் விட்டோம், உப்புக் கரித்தது. மூன்று நாள் பிரயாணத்தில் படகில் இருந்தது அரை மணி நேரம்!

ஊர் திரும்பியதும் வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார்கள். எங்கள் ஊர்க் குழாயில் வரும் குடிநீரும் தாமிரபரணியிலிருந்து வருவதுதான். வாயருகே கொண்டுபோன போது, பாபநாசத்துப் படித்துறையில் கிடந்த துணிகள் நினைவுக்கு வந்தன. ஆறில்லாத ஊர் என்று எங்கள் ஊரை இனிமேல் எப்படிச் சொல்வது? எங்களுக்கு முன்பே அந்த ஆறு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.