தந்தியை வலுத்துத் தட்டினால் சுருதி உயருமா?

திருப்பதியிலிருந்து காட்பாடி செல்லும் இருப்புப்பாதையில், தர்மாவரத்துக்கு வழி பிரியும் சந்திப்பு பாகாலா. முற்காலத்தில் நம் நாட்டு ரயில் நிலையங்கள் பலவற்றில் தண்டவாளத் துண்டொன்றைத் தொங்கவிட்டு, அதைத் தட்டி வண்டியின் வருகையை அறிவித்தனர். மெல்லத் தட்டினும் ஓங்கித் தட்டினும் ஓசையின் அளவு மாறுமேயன்றிச் சுருதி மாறுவதாகச் செவிக்குத் தோன்றாது. தந்தியின் இயல்போ சற்று வேறு.

பாகாலா போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் விஞ்ஞான வேடிக்கை அன்று. ஆசிரியர் தொலைவில் இருக்க, வீட்டில் பெற்றோரே வீணைக்குச் சுருதி கூட்ட நேர்கிறது. கூட்டும்போது சரியாக இருந்த சுருதி, குழந்தை வாசிக்கும்போது பிசகுவதாகத் தோன்றினால், குழந்தையின் செவியே குறையுள்ளது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அம்முடிவுக்கு வருமுன் தந்தியின் தன்மையை அறிதல் நலம்.

ஒரு தந்தியின் சுருதியை நிர்ணயிப்பவை மூன்று: அதன் நீளம், எடை, இழுவிசை. வலுத்து மீட்டும்போது தந்தி அகன்று ஆடுகிறது. அகன்று ஆடுவதற்கு அது சிறிது நீள வேண்டும். நீண்டால் இழுவிசை மிகும். ஆகவே சுருதியும் ஏறும். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்புவதும் இதே நியதியால்தான். இழுவிசை நூற்றில் ஒரு பங்கு மிகுந்தால் அதிர்வெண் நூற்றில் அரைப் பங்கு உயரும். அது அரைச்சுரத்தில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆட்டத்தின் அகலம் இரு மடங்கானால் இந்த ஏற்றம் நான்கு மடங்காகும். ஆட்டம் அடங்க அடங்கச் சுருதியும் தன் நிலைக்கு இறங்கிவிடும்.

பியானோவில் இந்த ஏற்றம் மிகச் சிறிது. அங்கே ஒவ்வொரு தந்தியும் சுமார் 70 முதல் 90 கிலோகிராம் எடைக்கு ஈடாக இறுக்கப்பட்டுள்ளது. அத்தனை இறுகிய தந்தி அடியினால் மேலும் நீள்வது அற்பமே. தளர்ந்த தந்தியிலோ வேறுபாடு செவிக்கு எட்டும்.

பியானோவில் அடியின் வலிமை பெரிதும் மாற்றுவது நாதத்தின் குணத்தையே. எந்தத் தந்தியும் ஒரு சுரத்தை மட்டும் ஒலிப்பதில்லை. அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் உடன் எழுகின்றன. பியானோச் சுத்தியலின் முனையில் கம்பளிப் பட்டை உண்டு. மெல்ல அடித்தால் அது மெத்தென்று தந்தியில் சற்று நேரம் தங்கி, மேற்சுரங்களை அமிழ்த்திவிடும். வலுத்து அடித்தால் கம்பளி அழுந்திக் கடினமாகிச் சட்டென விலகும். அப்போது மேற்சுரங்கள் மிகுந்து நாதம் பளீரென ஒலிக்கும். இந்தப் பளபளப்பைச் சுருதி ஏறியதாகச் செவி மயங்குவதும் உண்டு.

இத்துறையில் உழைத்தவர் ஸர் சி. வி. ராமன். 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்து, விசாகப்பட்டினத்தில் வளர்ந்து, 1907 முதல் கல்கத்தாவில் பணி செய்த அவரும் பிற மாநிலத்தில் வாழ்ந்த தமிழரே. பியானோச் சுத்தியல் தந்தியில் மோதும் விதத்தைப் பற்றி 1920இல் பவநாத் பானர்ஜியுடன் கட்டுரை வெளியிட்டார். மறு ஆண்டில் வீணை, தம்பூரா ஆகியவற்றின் வளைந்த குதிரை மேற்சுரங்களை எவ்வாறு வளப்படுத்துகிறது என்பதை விளக்கினார்.

ஆகவே நாம் கடைப்பிடிக்கத் தக்க வழி எளியது. எவ்வளவு வலிமையுடன் வாசிப்போமோ, அவ்வளவே வலிமையுடன் மீட்டிச் சுருதி கூட்டுவோம். மீட்டிய கணத்து ஓசையை நம்பாது, நாதம் நிலைபெற்ற பின் ஒப்பிடுவோம். அதன் பின்னும் சுருதி பிசகினால், பிரடை தளர்ந்துள்ளதா, தந்தி பழையதா என்று ஆராய்வோம். குழந்தையின் செவியைக் குறை கூறுவது எல்லாவற்றுக்கும் கடைசியாக இருக்கட்டும்.