அறுந்த வலைக்கு ஈடு

வலையை இழுக்கும்போது கை கனத்தால் நல்ல பாடு கிடைத்துவிட்டது என்று படகில் இருப்பவர்களுக்கு ஒரு சந்தோஷம் வரும். பாக் நீரிணையில் எப்போதாவது அந்தக் கனம் மீனாக இருப்பதில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய முதுகு வலைக்குள் புரளும். மூக்கைத் தண்ணீருக்கு மேலே நீட்டிப் ‘புஸ்’ஸென்று மூச்சு விடும். “ஆவுளியா!” என்று யாராவது ஒருவர் கத்துவார்.

கடற்பசுவுக்கு நம் கடலோரத்தில் வழங்கும் பெயர் அது. கடலிலேயே பிறந்து கடலிலேயே வாழ்ந்தாலும் அது மீன் அல்ல, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. சில நிமிடங்களுக்கு ஒரு தடவை மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும். வலை அதைக் கீழேயே பிடித்து வைத்துவிட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். படகில் இருப்பவர் கத்தியை எடுத்து வலையை அறுத்தால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அறுபடுவது அவருடைய சொந்த முதல். வட்டிக்குக் கடன் வாங்கிப் போட்ட வலையாகவும் அது இருக்கலாம். வலையைச் சரிசெய்து முடிக்கும்வரை தொழிலும் நின்றுபோகும்.

அந்த இழப்பு யார் தலையில் விழுகிறது? இந்தியக் கடலில் கடற்பசு இருக்குமா, இல்லாமல் போகுமா என்பது பெருமளவுக்கு இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் உரிய முதல் அட்டவணையில்தான் கடற்பசுவும் இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை. ஆனால் நடுக்கடலில், விடியாத இருட்டில், எந்தக் காவலரும் பக்கத்தில் இருக்க மாட்டார். தவறி வலையில் சிக்கிச் செத்ததைச் சொன்னால் வழக்கு பாயுமோ என்று பயந்தால், யாருக்கும் தெரியாமல் அது கடலோடு போகும். தண்டனையை மட்டும் நம்பி ஓர் உயிரினத்தைக் காப்பாற்ற முடியாத இடம் கடல்.

இந்த விலங்கின் இனம் பெருகும் வேகமும் மிகக் குறைவு. வயிற்றில் ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டுகள் ஆகும். அதனால் ஒரு தாய் வலையில் சிக்கிச் சாவது பெரிய இழப்பு. இந்தியக் கடலில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 240 என்பது அரசு சொல்லும் கணக்கு. சீனாவின் தென்கடலில் 2008-க்குப் பிறகு கடற்பசுவைப் பார்த்த பதிவே இல்லை. அங்கே இந்த இனம் நடைமுறையில் அழிந்துவிட்டது என்று 2022-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

அதே 2022-இன் செப்டம்பரில் தமிழக அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டில் இந்த விலங்குக்கென்று அமைந்த முதல் பாதுகாப்பகம் அதுதான். அது எந்த வகையில் அமைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தேசியப் பூங்கா என்றால் உள்ளே போகவே தடை இருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அப்படிப் பூங்காவான பிறகு மீனவர்களுக்கும் வனத்துறைக்கும் இடையே வந்த உரசல் ஊரறிந்தது. பாதுகாப்பகம் வேறு வகை. அங்கே வாழும் மக்களைக் கலந்துபேசித்தான் அறிவிக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் ஊராட்சிகளின் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மீன்பிடித் தொழிலுக்குப் புதிய தடை எதுவும் வராது என்று அரசும் உறுதி கூறியது. பகைத்துக்கொள்ளாமல் தொடங்கியது பாதி வெற்றி.

கடற்பசுவைக் காக்கும் வேலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? காட்டு நிலத்தில் சுரங்கமோ சாலையோ அணையோ அமைப்பவர்கள், அழிந்த காட்டுக்கு ஈடாக அரசுக்குத் தொகை கட்ட வேண்டும். ‘காம்பா’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த நிதி பல ஆண்டுகள் வங்கியில் குவிந்து கிடந்தது. 2019-இல் மட்டும் மாநிலங்களுக்கு 47,000 கோடி ரூபாய்க்கு மேல் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பெரும்பாலும் மரம் நடத்தான் அது செலவாகும். அதற்கு முன்பே, அந்த நிதியில் ஒரு சிறு துளியை ஒதுக்கி, 2016-இல் இந்திய வனவிலங்கு நிறுவனம் கடற்பசு மீட்புத் திட்டத்தைத் தமிழகம், குஜராத், அந்தமான் ஆகிய மூன்று இடங்களிலும் தொடங்கியது. மீனவர்களிலிருந்தே தன்னார்வலர்களைச் சேர்த்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கொடுத்தார்கள். சிக்கிய கடற்பசுவை விடுவித்தவர்களை மேடையேற்றி, பரிசுப் பணமும் சான்றிதழும் தந்தார்கள். கீழத்தோட்டம் போன்ற ஊர்களில் மீனவர்கள் ஆவுளியாவைக் கடலில் விட்ட செய்தி அதன்பின் நாளிதழ்களில் வரத் தொடங்கியது.

இதற்கு முன்னோடி குஜராத். சௌராஷ்டிரக் கடற்கரையில் திமிங்கலச் சுறாவை ஒரு காலத்தில் ‘பேரல்’ என்றுதான் அழைத்தார்கள். பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டு அதை வேட்டையாடியதால் வந்த பெயர். ஈரல் எண்ணெய் படகுக்குப் பூச உதவியது, இறைச்சி ஏற்றுமதியானது. 2001-இல் அதைப் பிடிக்கத் தடை வந்தது. தடையோடு நிறுத்திக்கொள்ளாமல் 2004-இல் மாநில வனத்துறை, இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, டாட்டா கெமிக்கல்ஸ் நிறுவனம் மூன்றும் கைகோத்தன. ராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளுக்கு அந்தச் சுறாவை ஒப்பிட்டு ஊர் ஊராகப் பேசினார். ‘பேரல்’ போய் ‘வாலி’ வந்தது. அன்புக்குரியவள் என்று பொருள்.

பேச்சு மனத்தை மாற்றியது. ஆனால் வலை? சுறாவை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு, தொடக்கத்தில் 25,000 ரூபாய் வரை, வனத்துறை ஈடு கொடுத்தது. இதிலும் ஒரு முடிச்சு இருந்தது. அதிகாரி படகேறி வந்து பார்த்துச் சான்று தருவதற்குள் சுறாவும் களைத்துவிடும், மீனவரின் பொழுதும் வீணாகும். ஆகவே தண்ணீர் புகாத கேமராக்களை மீனவர்களிடமே கொடுத்துவிட்டார்கள். வலையை அறுக்கும்போது அவரே படம் எடுக்கலாம், அந்தப் படமே சாட்சி. அரசு ஒரு மீனவரின் வார்த்தையை நம்பியது என்பதுதான் இந்தத் திட்டத்திலேயே பெரிய விஷயம். 900-க்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்கள் இப்படிக் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன.

தமிழகத்தில் கொடுக்கப்படுவது பரிசு. பரிசுக்கும் ஈட்டுக்கும் வித்தியாசம் உண்டு. பரிசு அரசின் மனமுவந்த பாராட்டு. ஈடு என்பது உழைப்பாளியின் உரிமை. எந்த வலைக்கு எவ்வளவு, எத்தனை நாளில் என்று எழுதி வைத்துத் தர வேண்டியது. அடுத்த தடவை ஆவுளியா சிக்கும்போது கத்தியை எடுக்கும் கை தயங்காமல் இருக்க வேண்டுமென்றால், இங்கும் அது ஈடாக மாற வேண்டும்.

வலையைத் தாண்டியும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு கடற்பசு நாளொன்றுக்கு 40 கிலோ வரை கடற்புல் மேயும். பாக் நீரிணையின் ஆழமில்லாத அடித்தரையில் அந்தப் புல் வயலைப்போல் பரந்து கிடக்கிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வதும் அங்கேதான். விசைப்படகின் இழுவைமடி அதன்மேல் போனால் வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விடும். இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றுவதற்காக 2017-இல் 1,600 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று வந்தது. 2,000 படகுகள் என்பது இலக்கு. படகொன்றின் விலை 80 லட்சம். மத்திய அரசு பாதியையும் மாநில அரசு 20 சதவீதத்தையும் ஏற்றன. மிச்சத்தில் பத்து சதவீதத்தை மீனவர் கையிலிருந்து போட வேண்டும், இருபது சதவீதத்துக்கு வங்கிக் கடன். காலையில் போய் மறுநாள் திரும்பிப் பழகியவர்களைக் கடன் சுமையோடு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கச் சொன்ன அத்திட்டம் இலக்கில் சிறு பகுதியைத்தான் எட்டியது. பணம் குறைவில்லை, அந்த மக்களின் தொழில்முறையோடு அது பொருந்தவில்லை.

இதே கடலின் மறுபக்கத்தில் இலங்கை இருக்கிறது. கடற்பசுவைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா 2008-இல் கையெழுத்திட்டது. இலங்கையும் அதில் உண்டு. 2015-இல் உலகச் சுற்றுச்சூழல் நிதியில் எட்டு நாடுகளில் தொடங்கிய கடற்பசுத் திட்டத்தில் இலங்கை இருந்தது, இந்தியா இல்லை. இலங்கையின் மன்னாரிலும் தமிழகத்தின் மல்லிப்பட்டினத்திலும் மேய்வது ஒரே கடலின் விலங்கு. அதற்கு இரண்டு கரைகளிலும் தனித்தனிப் பணம், தனித்தனிக் கணக்கு.

நம்பிக்கை தரும் வேலை ஒன்று தஞ்சாவூர்க் கடலோரத்தின் மனோராக் கோட்டைக்கு எதிரே உள்ள கடலில் நடக்கிறது. மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, கயிற்றில் கடற்புல் நாற்றுகளை முடிந்து, புல் அழிந்த இடங்களில் அடித்தரையில் பதிக்கிறார்கள். மூங்கிலும் நாரும் மக்கிப்போவதற்குள் வேர் பிடித்துக்கொள்ள வேண்டும். கடற்பசு மேய்ந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. உழுத சால்போல் புல்லுக்கு நடுவே வெறும் மண் நீளமாகத் தெரியும். நட்ட புல்லில் அப்படிச் சால் விழுகிறதா என்று முங்கிப் பார்க்க வேண்டும்.